சானலில் கிடந்து சிரித்த விஜயம்மா

"எனக்க மூஞ்சிய எடுத்துரு. இன்னைக்கே எடுத்துரு, இல்லேன்னா நான்—"

"அம்மா, நான் சொல்லியத ஒண்ணு கேளு, அது மூஞ்சி இல்ல—"

"அம்பலத்துக்குப் போற வழியெல்லாம் நான் கெடக்கேன். என்னைய நானே தாண்டித் தாண்டி—"

"அது பிராண்டாக்கும் அம்மா. பிராண்ட எடுத்தா கம்பெனியே—"

"—தாண்டித் தாண்டியாக்கும் சாமி கும்பிடப் போறேன். பிராண்டாம்! பிராண்டுக்கு மூக்குத்தி உண்டா? இந்தா பாரு, இது எனக்க மூக்குத்தி. இது எனக்க மூக்கு. சானல் கரையில ஒரு பட்டி வாலாட்டீட்டு வந்து இந்த மூக்க நக்கீட்டு நிக்குது, நான் பாத்துட்டு நிக்கேன். அது பிராண்டயா நக்கிச்சு?"

"உப்பு இருக்கும்லா. அதாக்கும் நக்கும்."

"எலே!"

மகன் ஜெயதாஸ் ஓரடி பின்வாங்கினான். சிப்ஸுக்கு ஏத்தன் வாழைக்காய்த் தோல் உரித்துக்கொண்டிருந்த பெண்கள் கத்தியை நிறுத்தவில்லை. காதை மட்டும் இந்தப் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டார்கள்.

கேரள எல்லையோரம் கொல்லயிலில், வீட்டுக்குப் பின்னால் ஓட்டுப் புரையில், ஒரு உருளியும் ஒரு கரண்டியுமாக விஜயம்மா தொடங்கிய வியாபாரம் அது. மகன் தலையெடுத்து, சீவுகிற மெஷினும் கவர் ஒட்டுகிற மெஷினும் வாங்கிப் போட்டபின் கம்பெனியாகிவிட்டது. பெயர் 'விஜயம்மா சிப்ஸ்'. சிவப்புக் கவர். நடுவில் தென்னோலை வட்டம். வட்டத்துக்குள் விஜயம்மா பல் தெரியச் சிரித்துக்கொண்டிருப்பாள். அவளுக்குக் கீழே பெயர், வீட்டுப் பெயர், பஞ்சாயத்து, பின்கோடு. பாறசாலை பேக்கரிகளிலும், நெய்யாற்றின்கரை பஸ் ஸ்டாண்டுக் கடைகளிலும், எல்லை கடந்து தமிழ்நாட்டில் பனச்சமூட்டுக்கு அப்பாலும் அவள் சரம் சரமாகத் தொங்கினாள்.

தொங்கியதில் அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை. முதல் வருஷம் கல்யாண வீடுகளில் சொல்லிக்கொள்ளக்கூடச் செய்தாள். தின்று எறிந்த காலிக் கவராக ரோட்டிலும் சானல் வாய்க்காலிலும் கிடப்பதுதான் பொறுக்கவில்லை.

"நீ சிரிக்கச் சொன்னே மக்கா, நான் சிரிச்சேன்" என்றாள், குரலைத் தாழ்த்தி. தாழ்த்தினால்தான் ஜெயதாஸுக்குப் பயம். "நீதுவுக்க போன்ல வைக்கியதுக்குன்னு சொன்னே. இப்போ சானல்ல கெடந்து சிரிக்கேன். மழை பெஞ்சாலும் சிரிக்கேன். லாரி ஏறினாலும் சிரிக்கேன். ஒரு பொம்பிள எதுக்கெல்லாம் சிரிக்கியதுன்னு ஒரு முறை வேண்டாமா?"

கவர் ஒட்டும் மெஷினுக்குப் பின்னாலிருந்து மருமகள் நீது தலையை நீட்டினாள். "மாமி, கடைக்காரங்க சொல்லியது, அந்தச் சிரிப்புக்காக்கும் சரக்கே ஓடுதுன்னு."

"அப்போ திங்கியவன் சிரிப்பையும் சேத்துத் தின்னட்டு. அத மட்டும் ஏன் ரோட்டுல வீசீட்டுப் போறான்?"

"வீசியவனப் போயிக் கேளு" என்றான் ஜெயதாஸ். "நான் வீசினேனா? கவர் போட்டு வித்தேன், அவ்வளவுதான். சட்டப்படி எனக்கு உள்ளது எல்லாம் செரியாக்கும். பேப்பர் இருக்கு."

"பேப்பர் பட்டிக்குக் காட்டு."

அந்த நேரம் பார்த்து ரீத்தா வந்தாள். பொழியூர்க் கடப்புறத்திலிருந்து விடியலில் ஆட்டோ பிடித்து வந்து, கொல்லயிலில் வீடு வீடாக மீன் விற்கிறவள். எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அவளுக்குத் தெரியாத அடுக்களை கிடையாது. அலுமினியச் சருவத்தை இறக்கி வைத்துவிட்டு, விஜயம்மாவை மேலும் கீழுமாகப் பார்த்தாள்.

"சேச்சி, முந்தாநாள் நீங்க எங்க வீட்டுல வந்தீங்க."

"நானா? நான் எங்க வந்தேன்?"

"வலையில வந்தீங்க. எனக்க மாப்பிள நார்பர்ட்டு சாளைன்னு நெனச்சு இழுத்திருக்காரு. வலைய விரிச்சா நீங்க. கரையில நிண்ணவனெல்லாம், எலே நார்பர்ட்டே, உனக்க வலையில ஒரு சேச்சி கெடந்து சிரிக்கியாங்கன்னு ஒரே கூத்து. அவருக்குக் கோவம் வந்துட்டு. நான்தான் சொன்னேன், மரியாதையா கழுவி வையும், நமக்குத் தெரிஞ்ச சேச்சியாக்கும்னு."

விஜயம்மா மகனைப் பார்த்தாள். "கடலு வரைக்கும் போயாச்சு நான். பாஸ்போர்ட்டுகூட இல்லாம."

ஜெயதாஸ் எண்ணெய்ச் சூடு பார்க்கப் போய்விட்டான்.

*

மூன்றாம் நாள் பஞ்சாயத்து ஜீப் வாசலில் வந்து நின்றது.

குப்பை கொட்டுகிறவர்களைப் பிடிக்கப் பஞ்சாயத்தில் ஒரு ஸ்குவாட் உண்டு. அவர்கள் வேலை செய்யும் விதம் ஊருக்கே தெரியும். கொட்டிக் கிடக்கும் மூட்டையைக் கையுறை போட்டுக் கிளறுவார்கள். உள்ளே ஒரு கரண்டு பில், ஒரு கூரியர் கவர், ஒரு கல்யாண அழைப்பிதழ், எதிலாவது பேரும் விலாசமும் அகப்பட்டால் போதும்; நேராக அந்த வீட்டுக்கு ஜீப்பை விடுவார்கள், அபராதம் போடுவார்கள். ஊர்க்காரர்களும் படித்துக்கொண்டார்கள். இப்போது எல்லோரும் முதலில் விலாசத்தைக் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டுத்தான் குப்பையைச் சானலில் போடுகிறார்கள்.

ஹெல்த் இன்ஸ்பெக்டர் ரெத்தினதாஸ் ஒற்றசேகரமங்கலத்திலிருந்து மாற்றலாகி வந்து அதிக நாள் ஆகவில்லை. வந்ததிலிருந்து ஒரு விலாசம்கூடச் சிக்கவில்லை. அன்று காலையில்தான் அம்பலத்துக்குப் பக்கத்துச் சானல் கரை மூட்டையில் ஒன்று சிக்கியிருந்தது. அதுவும் படத்தோடு.

அவர் கையில் ஒரு சிவப்புக் கவர். அதைப் பார்த்தார். வாசல் பெருக்கிக்கொண்டிருந்த விஜயம்மாவைப் பார்த்தார். மறுபடியும் கவரைப் பார்த்தார்.

"இது நீங்களா அம்மா?"

"நான்தான்."

"பேரு?"

"அதுல எழுதியிருக்கு."

"வீட்டுப் பேரு?"

"அதுக்குக் கீழ."

ரெத்தினதாஸுக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "இப்பிடியாக்கும் இருக்கணும். சாதாரணமா என்ன சொல்லுவானுவ தெரியுமா? சாறே, எனக்க கவர காக்கா தூக்கீட்டுப் போயிட்டும்பான். உண்மைய ஒத்துக்கிட்ட மொதல் ஆளு நீங்கதான். சானல் கரையில கெடந்த மூட்டைக்கு நீங்கதானே உத்தரவாதம்?"

"மூட்டையில நான் எத்தனை இருந்தேன்?"

"நெறைய இருந்தீங்க."

"அப்போ நான்தான்."

அடுப்படியிலிருந்து எண்ணெய்க் கையோடு ஜெயதாஸ் ஓடி வந்தான். "சாறே, சாறே, நில்லுங்க! எதுவும் எழுதாண்டாம். இது கவர் சாறே. சிப்ஸு கவர். அம்மா மூட்ட போடல்ல."

"பேரும் படமும் இருக்கே."

"அது உண்டாக்கினவங்க பேரு சாறே! கூரியர் கவர்ல உள்ளது வாங்கினவன் பேரு. இது வித்தவன் பேரு. தின்னு போட்டவன் எவனோ. ஒரு சோப்புக் கவர் கெடந்தா, சோப்புக் கம்பெனிக்கா ஜீப் விடுவீங்க?"

ஜீப்பில் இருந்த டிரைவர் ஸ்டீயரிங்கில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினார். ரெத்தினதாஸ் கவரை இன்னொரு முறை படித்தார். 'தயாரித்து விற்பனை செய்வோர்' என்று எழுதியிருந்தது. காது மடல் சிவந்துபோயிற்று.

"செரியாக்கும்" என்றார். "தெற்றிப் போச்சு. கேன்சல் செய்துடலாம்."

"கேன்சல் செய்யப்படாது" என்றாள் விஜயம்மா.

"என்னம்மா?"

"இத்தர நாளா நான் அங்க கெடக்கேன். ஒருத்தரும் வந்து கேக்கல்ல. மொதல் தடவையா ஒரு மனுஷன் ஜீப் வெச்சு வந்து, இது நீங்களான்னு கேட்டிருக்காரு. அவர வெறுங்கையோட அனுப்பவா? எழுதுங்க சாறே."

"நீங்க குற்றம் செய்யல்ல அம்மா."

"செய்தேன்னு சொல்லுதேன்லா."

"நீங்க சொன்னா மட்டும் போதாது."

"இப்போ கொஞ்சம் முன்ன போதும்னு நீங்கதானே சொன்னீங்க?"

ரெத்தினதாஸ் தொப்பி இல்லாத தலையைத் தடவினார். ஜெயதாஸ் அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்தான். விஜயம்மா வாசல் தூணைப் பிடித்துக்கொண்டாள்.

"உள்ளதச் சொல்லுங்க சாறே. தின்னவன் பாதி, வித்தவன் பாதின்னு ஏதாவது உண்டா இல்லியா?"

"உண்டும்மா" என்றார் அவர், மகனை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே. "கம்பெனி விக்கிய பிளாஸ்டிக்க கம்பெனியே திரும்ப எடுக்கணும்னு சட்டம் இருக்கு. ஆனா அது எனக்க கையில இல்ல. அதுக்கு மேல ஆபீசு உண்டு."

"அதுதான் எடுத்தாச்சே!" என்று ஜெயதாஸ் போனை எடுத்து நீட்டினான். "பெரிய கடைக்காரன் கேட்டான்னு ஏஜென்ட் வெச்சு எல்லாம் செய்தாச்சு சாறே. நாங்க வித்த அளவு பிளாஸ்டிக்க எடுத்து அழிச்சாச்சுன்னு சர்டிபிகேட் இருக்கு. பாருங்க, முத்திரை."

ரெத்தினதாஸ் பார்த்தார். "அப்போ செரியா இருக்கு."

"எங்க எடுத்தாங்களாம்?" என்றாள் விஜயம்மா.

"வடக்க."

"வடக்கன்னா? நெய்யாற்றின்கரையிலயா?"

"அதுக்கும் வடக்க. இந்தி பேசிய ஊரு."

"நம்ம சிப்ஸு அங்க போகுதா?"

"போகல்ல."

"பின்ன எனக்க மூஞ்சி அங்க எப்பிடிப் போச்சு?"

"உனக்க மூஞ்சி இல்லம்மா. வேற ஏதோ கம்பெனிக்க கவர். அளவு ஒண்ணா இருந்தாப் போதும். அங்க வேற யாருக்கதோ அழிச்சா, அது இங்க நம்ம பேருல வரவு."

விஜயம்மா துடைப்பத்தைத் தூணில் சாய்த்தாள். பிறகு ரெத்தினதாஸைக் கேட்டாள்: "சாறே, உங்க வீட்டுல பிள்ளைக உண்டா?"

"ஒரு மோளு உண்டு."

"அவ சேத்துல விழுந்து வாறா. நான் அடுத்த தெருவுல ஒரு பிள்ளையப் பிடிச்சுக் குளிப்பாட்டீட்டு, இந்தாங்க, உங்க மோளு குளிச்சாச்சுன்னு முத்திரை குத்திக் கடலாசு தந்தா வாங்குவீங்களா?"

ரெத்தினதாஸ் ஜீப்பில் ஏறினார். ஏறியவர், என்ன தோன்றியதோ, தலையை வெளியே நீட்டினார். "அபராதம் எழுத முடியாது அம்மா. ஆனா உங்க பேரு உள்ளத நீங்களே வாரி எடுத்தா நல்லது. கழுவிக் காய வெச்சுத் தந்தா, வீடு வீடா பிளாஸ்டிக் வாங்க வாற பஞ்சாயத்துச் சேனைப் பொண்ணுங்க கொண்டு போவாங்க. கம்பெனி அளவுன்னா வண்டிக்கூலி கம்பெனிதான் பாக்கணும்."

"உத்தரவுதானே?"

"உத்தரவு இல்லம்மா. ஒரு அபிப்பிராயம்."

"எனக்கு உத்தரவாக்கும்" என்றாள் விஜயம்மா.

*

மறுநாள் ரீத்தாவின் சருவத்தில் மீனோடு ஒரு சேதியும் ஏறிக்கொண்டு போயிற்று: விஜயம்மாவின் காலிக் கவரைக் கொண்டு வந்து கொடுத்தால் ஒரு கை சிப்ஸ், அடுப்பிலிருந்து சுடச்சுட.

"கம்பெனிய முடிச்சிட்டுத்தான் அடங்குவியா?" என்றான் ஜெயதாஸ்.

"கம்பெனிய இல்ல மக்கா, நான் என்னையத் திரும்ப வாங்குதேன்."

முதலில் வந்தவன் ஒரு ஆட்டோக்காரன். காலிக் கவர் ஒரு கொத்து வைத்திருந்தான். ஜெயதாஸ் வேண்டாவெறுப்பாக அதை வாங்கிப் போட்டுவிட்டு, ஒட்டி வைத்திருந்த புதுக் கவர் ஒன்றை எடுத்து நீட்டினான்.

"எலே! கவருக்குக் கவரா? இவன் அந்த முக்குல போயிப் பிரிச்சுத் தின்னுட்டு மறுபடி என்னையத்தான் போடுவான். வாழையிலையில மடக்கிக் கொடு."

அதன்பின் வாசலில் ஆள் ஓயவில்லை. விஜயம்மா ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து ஒப்புக்கொண்டாள்.

"சேச்சி, இது நீங்கதானே?"

"இதுல மீசை இருக்கே பிள்ளே. இது வேற கம்பெனிக்காரன்."

"இது?"

"இது நான். ஆனா பாதிதான் இருக்கேன். கழுத்துக்குக் கீழ எங்க?"

"எலி தின்னுட்டு சேச்சி."

"பாதிக்குப் பாதி கை."

கடப்புறத்திலிருந்து நார்பர்ட் கழுவிக் காயவைத்த கட்டு ஒன்றை ரீத்தாவிடம் கொடுத்தனுப்பியிருந்தார். உப்பில் ஊறிச் சாயம் போய், அதில் விஜயம்மா வெளுத்திருந்தாள். "கடக்காத்து உங்களுக்குப் பிடிச்சிருக்கு சேச்சி, நெறம் வெச்சிருக்கீங்க" என்றாள் ரீத்தா.

சாக்குகள் புரையில் ஏறின. அங்கே இடம் முடிந்ததும் கார் நிற்கிற இடத்துக்கு வந்தன. ஜெயதாஸ் காரைத் தெருவில் நிறுத்தினான். தெருவில் நின்ற காரின் மேல் காக்கை என்னவோ செய்தது. அதற்கும் அவன் அம்மாவைத்தான் பார்த்தான்.

அப்போதுதான் பனச்சமூட்டிலிருந்து போன் வந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் பேக்கரி வைத்திருக்கும் ஞானபாய். ரீத்தாவின் சேதி அவள் கடைக்கும் போயிருந்தது. கவர் கொண்டு வந்தவர்களுக்கெல்லாம் ஞானபாய் தன் கடைச் சிப்ஸிலிருந்தே அள்ளிக் கொடுத்திருந்தாள்.

"சேச்சி, இங்க நீங்க சாக்கு சாக்கா இருக்கீங்க. கடைக்குள்ள எனக்கு நிக்க எடமில்ல. வந்து உங்களக் கூட்டீட்டுப் போங்க."

"இந்தா வாறேன்" என்றாள் விஜயம்மா. "எலே, வண்டிய எடு."

"நான் வரமாட்டேன்."

"நீ வராண்டாம். நான் பஸ்சுல போயி, ஒவ்வொரு சாக்கா தலையில வெச்சுக் கொண்டு வாறேன். வழியில எவனாவது, ஏன் அம்மே, மகன் இல்லியான்னு கேட்டா, அவன் பிராண்ட் பாத்துட்டு நிக்கியான்னு சொல்லுதேன்."

ஜெயதாஸ் வண்டியை எடுத்தான்.

*

கம்பெனி வண்டியின் இரு பக்கத்திலும் ஆளுயரத்துக்கு விஜயம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். உள்ளே சாக்குகளில் சின்னச் சின்ன விஜயம்மாக்கள். முன்சீட்டில் நிஜ விஜயம்மா, மடியில் ஒரு வாழையிலைப் பொதி. பனச்சமூட்டிலிருந்து திரும்பி எல்லையை நெருங்கும்போது தமிழ்நாட்டுச் செக்போஸ்டில் கை காட்டி நிறுத்தினார்கள்.

அங்கிருந்த ஏட்டு மதுரைப் பக்கத்துக்காரர். அவருக்கு அங்கே ஒரே வேலைதான்: கேரளத்திலிருந்து எவனாவது குப்பையைக் கொண்டுவந்து இந்தப் பக்கம் கொட்டுகிறானா என்று பார்ப்பது. கோழிக் கழிவு, ஓட்டல் கழிவு, பழைய மெத்தை, எல்லாம் பிடித்திருக்கிறார். கேரள நம்பர் வண்டியின் பின்கதவைத் திறந்து ஒரு சாக்கைத் தொட்டுப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"மாட்டுனீங்களா! எல்லாம் குப்பை. எங்கய்யா கொட்டப் போறே?"

ஜெயதாஸ் ஸ்டீயரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். விஜயம்மா கண்ணாடியை இறக்கினாள்.

"எனக்க வீட்டுல."

"வீடு எங்கம்மா?"

"கொல்லயில்."

"அது கேரளாவுல்ல?"

"ஆமா."

"அப்ப நீங்க குப்பையக் கேரளாவுக்கா கொண்டு போறீங்க?"

"ஆமா."

ஏட்டு ரோட்டின் இந்தப் பக்கம் பார்த்தார். அந்தப் பக்கம் பார்த்தார். வண்டியின் மூக்கு எந்தத் திசையில் இருக்கிறது என்று சுற்றி வந்து பார்த்தார்.

"தப்பான பக்கமா போறீங்களேம்மா."

"வந்த வழியேதான் போறேன்."

ஏட்டு தள்ளிப் போய்ப் போனை எடுத்தார். மேலதிகாரியிடம் அவர் பேசியது எல்லோருக்கும் கேட்டது. "ஐயா, ஒரு குப்பை வண்டி நிப்பாட்டியிருக்கேன்... கேரளா நம்பர்தாங்கய்யா... இல்லைங்கய்யா, வரல, போகுது... ஆமாங்கய்யா, குப்பைதான். இங்கேர்ந்து அங்க... ஒரு அம்மா இருக்காங்க... அவங்களோடதுன்னு சொல்றாங்கய்யா... இல்லைங்கய்யா, வெயிலெல்லாம் ஒண்ணுமில்ல, நான் நல்லாத்தான் இருக்கேன்."

திரும்பி வந்தவர் ஒரு சாக்கின் வாயை அவிழ்த்தார். உள்ளேயிருந்து விஜயம்மா சிரித்தாள். இன்னொன்றை அவிழ்த்தார். அதிலும் அவளே. வண்டியின் பக்கவாட்டைப் பார்த்தார். முன்சீட்டைப் பார்த்தார்.

"எல்லாம் நீங்களாம்மா?"

"நான்தான்."

ஏட்டு யோசித்தார். பிறகு கூண்டுக்குள் போய், மேஜைக்கடியிலிருந்து கசங்கிய சிவப்புக் கவர் ஒன்றைக் கொண்டுவந்து, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு முறை பார்த்துவிட்டு நீட்டினார்.

"காலையில டீயோட சாப்பிட்டது. இதையும் சேத்துக்கங்க."

விஜயம்மா வாங்கிக்கொண்டு இலைப் பொதியைப் பிரித்தாள். "ஒரு கை உண்டு சாறே. பிடியுங்க."

"ஐயோ, லஞ்சமாயிரும்மா."

"லஞ்சம் இல்ல. நீங்க என்னையத் தந்தீங்க, நான் சிப்ஸு தாறேன்."

ஏட்டு இரண்டு கையையும் ஏந்தி வாங்கிக்கொண்டார்.

வண்டி எல்லையைக் கடந்தது. "மானம் போச்சு" என்றான் ஜெயதாஸ். "யாருக்க மானம்?" என்றாள் விஜயம்மா.

முன்னால் போய்க்கொண்டிருந்த பஸ்ஸின் ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே வந்தது. கையில் சிவப்பாக ஒன்று. கை விரிந்தது. அது காற்றில் ஒரு குட்டிக்கரணம் அடித்து, வண்டியின் முன்கண்ணாடியில், ஜெயதாஸின் கண்ணுக்கு நேராக வந்து ஒட்டிக்கொண்டது.

அம்மா சிரித்தாள்.

ரோடு தெரியவில்லை. பதறிப்போய் ஜெயதாஸ் வைப்பரைப் போட்டான். வைப்பர் அம்மாவின் முகத்தை இந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு போயிற்று. அந்தக் கோடிக்கு இழுத்துக்கொண்டு வந்தது. அவள் போகும்போதும் சிரித்தாள், வரும்போதும் சிரித்தாள். பக்கத்து சீட்டிலிருந்து மெதுவாக ஒரு குரல் வந்தது.

"பைய மக்கா. எனக்க மூக்குத்தி."

ஜெயதாஸ் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கிப் போய், வைப்பரைத் தூக்கி, கவரை உரித்தெடுத்தான். அதைக் கசக்கி எறியக் கை ஓங்கியவன், ஓங்கிய கையோடு நின்றான். பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவன் கவரைச் சட்டையில் துடைத்தான், இரண்டாக மடக்கினான், பைக்குள் வைத்துக்கொண்டு வந்து ஏறினான்.

விஜயம்மா ஜன்னல் பக்கம் திரும்பி, தென்னைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

*

வீட்டு முற்றத்தில் இறக்கியபோது, ஏற்கனவே இருந்ததோடு சேர்ந்து மலையாகிவிட்டது. வேலைக்காரப் பெண்கள் அண்டாவில் சோப்புத் தண்ணீர் கலக்கிக்கொண்டிருந்தார்கள். கொடியெல்லாம் கழுவின கவர். காற்றடித்தால் முற்றம் முழுக்க விஜயம்மா ஆடினாள்.

சேனைக்குக் கொடுக்க வேண்டிய வண்டிக்கூலி மிச்சமாகட்டும் என்று ஜெயதாஸ் ஏஜென்டுக்குப் போன் போட்டான். நீது ஸ்பீக்கரை அமுக்கினாள்.

"சார், எங்க கவர் எல்லாம் இங்க சேத்து வெச்சிருக்கோம். உங்க வண்டி எப்ப வரும்?"

"என்ன கவர் சார்?"

"காலிக் கவர். நாங்க வித்தது. நீங்கதானே திரும்ப எடுக்கியதுக்கு—"

"ஐயோ சார், தப்பா நினைச்சிட்டீங்க. நாங்க குப்பை எடுக்கறதில்ல. சர்டிபிகேட் மட்டும்தான். இன்னொண்ணு வேணுமா?"

நீது போனை அணைத்தாள். அண்டாவைச் சுற்றி நின்ற பெண்கள் முதுகைத் திருப்பிக்கொண்டார்கள், முதுகுகள் குலுங்கின.

ஜெயதாஸ் சாக்கு ஒன்றின் மேல் உட்கார்ந்தான். பைக்குள்ளிருந்து மடக்கின கவரை எடுத்து மடியில் வைத்து நீவினான்.

"செரி அம்மா" என்றான். "நீ ஜெயிச்சே. கவர் அடிக்கிய பிரஸ்ஸுக்குச் சொல்லீட்டேன். அடுத்த கவர்ல உனக்க மூஞ்சி இருக்காது."

"பின்ன?"

"ஏத்தன் குலை. நல்லா மஞ்சளா ஒரு குலை. பேரும் மாத்தியாச்சு. 'கோல்டன் சிப்ஸ்'. வீட்டுப் பேரு, விலாசம் எல்லாம் பின்பக்கம், எறும்பு மாதிரி சின்னதா. இனி எந்த இன்ஸ்பெக்டரும் இங்க வரமாட்டான்."

எல்லோரும் விஜயம்மாவைப் பார்த்தார்கள். கேட்டது கிடைத்துவிட்டது, இனி அவள் சிரிக்க வேண்டும். நீது மாமியின் தோளைத் தொட்டாள். "சந்தோஷந்தானே மாமி?"

விஜயம்மா கொடியைப் பார்த்தாள். சானலைப் பற்றி நினைப்பது போல இருந்தது.

"ஏத்தன் குலைக்கு வீடு உண்டா மக்கா?"

"என்னது?"

"சானல் கரையில நான் கெடந்தேன். ரெத்தினதாஸ் சாறு என்னைய எடுத்துட்டு நேரா இங்க வந்தாரு. நாளைக்கு அங்க ஒரு ஏத்தன் குலை கெடந்தா, அவரு அத எடுத்துட்டு எங்க போவாரு? யாரப் பாத்து, இது நீங்களான்னு கேப்பாரு?"

"யாரயும் கேக்கமாட்டாரு. அதுக்குத்தானே அம்மா—"

"அதுக்குத்தான்னு எனக்குத் தெரியும்."

ஜெயதாஸ் மடியில் இருந்த கவரைச் சாக்கின் மேல் வைத்தான்.

"அப்போ உனக்க மூஞ்சிய எடுக்கணுமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லு" என்றான் ஜெயதாஸ்.

"எடுக்கணும். எனக்கு வயசாச்சு. இனி மழையில கெடக்க ஏலாது." அவள் சேலை முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டாள். "கம்பெனி இப்போ யாருக்க பேருல மக்கா?"

"எனக்க பேருல."

"முதலாளி?"

"நான்தான். என்னத்துக்கு இப்போ அது?"

"நீது, போன எடு பிள்ளே. வெளிச்சம் உள்ள பக்கமா நில்லு." விஜயம்மா மகனின் அருகில் வந்து, அவன் தலைமயிரைக் கையாலேயே கோதிச் சரிசெய்தாள். "எழும்பு மக்கா, ஒரு நல்ல சட்ட போட்டுட்டு வா. பல்லு தெரியச் சிரிக்கணும், கேட்டியா? சானல்ல கெடக்க வேண்டிய மூஞ்சியாக்கும்."